அசைபவர்கள் படத்தில் விழுவதில்லை

வெளியூர் போன இடத்தில் நல்ல இயற்கைக் காட்சிப் படம் எடுக்க விலை கூடிய கேமரா தேவையில்லை. சூரியன் எழுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் அந்த இடத்தில் நிற்க வேண்டும். முதல் நாள் மாலையே போய், எங்கே நிற்பது என்று காலால் நடந்து பார்த்து வைத்திருக்க வேண்டும். காலையில் போய் இடம் தேடுகிறவர்களுக்காக வெளிச்சம் காத்திருக்காது. அடிவானம் சாயக்கூடாது. பிறகு, படத்தின் ஓரங்களைப் பார்க்க வேண்டும். புதிதாக எடுப்பவர்கள் நடுவை மட்டுமே பார்ப்பார்கள். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளை வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர்கள் கண்ணில் படும். மற்றபடி காத்திருக்கத் தெரிந்தால் போதும். எனக்குக் காத்திருக்கத் தெரியும்.

அதிகாரி அம்மா, வெளியாட்களிடம் எனக்குப் பேச வராது என்று உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதித் தருகிறேன். எழுதுவது எனக்குப் பழக்கம்தான். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து நோட்டு நோட்டாக எழுதுகிறேன். என் கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டியில் பதினொரு நோட்டுகள் இருக்கின்றன. யாருக்கும் காட்டியதில்லை. இது பன்னிரண்டாவது. இதை நீங்கள் படிக்கலாம்.

நீங்கள் வழக்கை முடித்துவிட்டீர்கள். விபத்து என்று எழுதிவிட்டீர்கள். எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, தலையைத் தடவி, வேனில் கொண்டுவந்து வீட்டில் விட்டீர்கள். அதையெல்லாம் நான் மறக்கவில்லை. இப்போது எழுதுவது ஒரு தப்பைத் திருத்துவதற்காக மட்டுமே. போன வாரம் பத்திரிகையில் என் மாமாவின் மரணச் செய்தி வந்தது. பக்கத்திலேயே பெரிதாக ஒரு படம் போட்டிருந்தார்கள். பால் போல வெளுத்த கடல், வரிசையாக மரக் கம்பங்கள், தூரத்தில் குன்று, அதன் தோளில் ரோஸ் நிறம். அதற்குக் கீழே ‘அவர் எடுத்த கடைசிப் படம்’ என்று அச்சடித்திருந்தார்கள்.

அந்தப் படத்தை அவர் எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். மாமா என் அம்மாவின் தம்பி. அவருடைய ஸ்டுடியோவின் பின்பக்கத்தில் இரண்டு அறைகள். அங்கேதான் நானும் அம்மாவும் இருந்தோம். அப்பா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டார். மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. “கேமராவைக் கட்டிக்கிட்டான், அதுவும் இவனை விடல” என்று அம்மா சொல்வாள்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் டீச்சர் என்னை எழுப்பிப் பாடத்தை வாசிக்கச் சொன்னார். எழுந்து நின்றேன். எழுத்துகள் எல்லாம் தெரிந்தன. சத்தம் வரவில்லை. வகுப்பு கொஞ்ச நேரம் காத்திருந்தது, பிறகு சிரித்தது. மறுநாள் நான் படுக்கையிலிருந்து எழவில்லை. “வயித்து வலியா?” என்று அம்மா கேட்டாள். தலையாட்டினேன். அந்த வயிற்று வலி இன்னும் சரியாகவில்லை.

மாமாவுக்கு ஸ்டுடியோவில் முகங்களை எடுத்து அலுத்துவிட்டது. மாதம் ஒருமுறை ஆறேழு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு மலைக்கோ கடலுக்கோ போவார். அவர்களுக்கு இயற்கைக் காட்சி எடுக்கச் சொல்லித்தருவார். அவர்கள் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் மூன்று கேமரா கொண்டுவருவார். மூன்றிலும் லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்துவிடுவார். “ராத்திரிக் காட்சி அருமையா வந்திருக்கு சார்” என்பார் மாமா. எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார்.

என்னையும் கூட்டிப் போவார்கள். வீட்டில் தனியாக விட அம்மாவுக்கு மனமில்லை. யாரும் எனக்கு வேலை கொடுக்கவில்லை. நானாக ஒரு வேலை வைத்துக்கொண்டேன். முதல் நாள் மாலை எல்லோரும் விடுதியில் கால் நீட்டிக்கொண்டிருக்கும்போது நான் போய் இடம் பார்ப்பேன். எங்கே நின்றால் பாறையும் மரமும் ஒன்றை ஒன்று மறைக்காது, வெளிச்சம் எந்தப் பக்கம் விழும், தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும் என்று நோட்டில் எழுதிக்கொள்வேன். காலையில் அந்த இடத்தில் போய்ச் சும்மா நின்றுகொள்வேன். மாமா என் பக்கத்தில் கேமரா ஸ்டாண்டை விரிப்பார். சத்தம் இல்லாமல் நடப்பதால் எனக்குப் பூனை என்று பெயர் வைத்திருந்தார். “பூனை எங்க நிக்குதோ அங்க வைங்க சார் ஸ்டாண்டை, கண்ணை மூடிக்கிட்டு வைங்க” என்று மாணவர்களிடம் சொல்வார். சிலர் அதைப் பாராட்டு என்று நினைத்தார்கள். சிலர் கேலி என்று நினைத்தார்கள். எது என்று எனக்கும் தெரிந்ததில்லை.

அம்மாவின் வேலை வேறு. படத்தில் குப்பை இருக்கக் கூடாது என்பதில் மாமா கறார். ஒரு பாட்டில், ஒரு பிளாஸ்டிக் பை, மணலில் ஒரு காலடித் தடம் இருந்தாலும் விடமாட்டார். “அக்கா, அந்த வெள்ளையா தெரியுது பாரு, அதை மட்டும் எடுத்துடேன்” என்பார். அம்மா ஒரு சாக்குப் பையும் நீளக் கைப்பிடி வைத்த துடைப்பமுமாக இறங்கிப் போவாள். போகும்போது பொறுக்கிக்கொண்டு போவாள், வரும்போது தன் காலடியைத் தானே பெருக்கிக்கொண்டு பின்பக்கமாக நடந்து வருவாள்.

“ஊர்ல இருக்கிற பொம்பளைங்க எல்லாம் வீட்டைப் பெருக்குறாங்க. நான் கடலைப் பெருக்குறேன்” என்பாள்.

“கடலுக்கும் ஒரு நாள் கல்யாணம் வரும்ல அக்கா. பளிச்சுனு இருக்க வேண்டாமா?”

“உனக்கு வரல, கடலுக்கு வரப்போகுதாக்கும்.”

இப்படித்தான் அவர்கள் பேசிக்கொள்வார்கள். அவர்களுக்குள் சண்டை இருந்ததாக நான் பொய் சொல்லமாட்டேன்.

இன்னொன்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கடல் பால் போல வருவதற்கு லென்ஸின் முன்னால் கறுப்புக் கண்ணாடி ஒன்றைப் பொருத்துவோம். வெல்டிங் செய்பவர்கள் போட்டுக்கொள்வது போல அவ்வளவு கறுப்பு. அதன் வழியாக வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே போகும். அதனால் ஷட்டரை நான்கு நிமிடம் திறந்து வைக்க வேண்டும். அந்த நான்கு நிமிடத்தில் எத்தனை அலை வந்தாலும் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மூட்டமாகிவிடும். அசையாமல் இருப்பவை மட்டும் தங்கும். கம்பம் தங்கும், பாறை தங்கும். நடந்து போகிறவர் தங்கமாட்டார். அவர் எந்த இடத்திலும் போதுமான நேரம் இருக்கவில்லை என்று கேமரா முடிவு செய்துவிடும்.

அதனால் அம்மா திரும்பி வந்து சேர்வதற்காக மாமா காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல வெளிச்சம் நான்கைந்து நிமிடம்தான் இருக்கும். அவள் வந்துகொண்டிருக்கும்போதே ஷட்டரைத் திறந்துவிடுவார். “நடந்துக்கிட்டே இரு அக்கா. நின்னாதான் படத்துல விழுவே” என்று கத்துவார். அம்மா துடைப்பத்தை ஆட்டிக்கொண்டே வருவாள்.

போன வருடம் அந்தச் சேற்றுக் கடற்கரைக்கு நாங்கள் மூன்று பேர் மட்டும் போனோம். அடுத்த மாதம் மாணவர்களைக் கூட்டிவருவதற்கு முன்னால் இடம் பார்ப்பதற்காக. கரையிலிருந்து ஒரு பலகைப் பாலம் சேற்றின் மேல் நீளமாகப் போய் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. அங்கிருந்து இரும்பு ஏணியில் இறங்கினால் ஓர் ஓடை. ஓடையைத் தாண்டினால் மணலும் சேறுமாகப் பெரிய வெளி. அதில் பழைய கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. நீர் இறங்கியிருக்கும்போது ஓடையில் கணுக்கால் அளவுதான் இருக்கும். ஏறும்போது முதலில் நிரம்புவது அந்த ஓடைதான். அந்த மணல்வெளியில் நிற்பவருக்கு முன்னால் தண்ணீர் தூரத்தில் இருப்பதாகத் தெரியும், பின்னால் வழி மூடியிருக்கும்.

பாலத்தின் முனையிலிருந்து இடப்பக்கம் இரண்டு பலகை தள்ளி நின்றால் கம்பங்கள் ஒன்றை ஒன்று தொடாமல் குன்று வரைக்கும் போகின்றன. அந்த இரண்டு பலகையைக் கண்டுபிடித்தது நான். மாமா கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்தார். பிறகு, “இது நல்லா வந்தா உன் பேரையும் போடுறேன்டி பூனை” என்றார். என் பெயர் எங்கேயும் அச்சானது கிடையாது. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டிலிருந்தும் அடித்துவிட்டார்கள்.

மூன்றாவது கம்பத்தில் ஒரு பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டு பறந்தது. மாமா அம்மாவை அனுப்பினார். அம்மா போனாள், பையை அவிழ்த்தாள், திரும்பினாள். மேகம் விலகிக் குன்றின் மேல் வெளிச்சம் விழுந்தது. மாமா ஷட்டரைத் திறந்தார்.

பாலம் பலகைப் பாலம். ஒருவர் ஓடினால் மொத்தமும் ஆடும். கேமரா ஆடினால் படம் போயிற்று. அதனால் ஷட்டர் திறந்திருக்கும்போது யாரும் அடி எடுத்து வைக்கக் கூடாது என்பது மாமாவின் சட்டம். அதைப் போட்டது அவர். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் வேலை கைக்கடிகாரத்தைப் பார்த்து நொடி எண்ணுவது.

அம்மா ஓடைக்கு வந்தபோது தண்ணீர் இடுப்பு வரை இருந்தது. நடுவில் அவளுக்குக் கால் வழுக்கியது. ஏறுகிற தண்ணீரின் இழுப்பு உங்களுக்குத் தெரியும். நீங்களே அதைக் காட்டி என்னிடம் விளக்கினீர்கள். துடைப்பம் முதலில் போனது. பிறகு அம்மா. பாலத்திலிருந்து முப்பது முழம்கூட இருக்காது. மாமா ஸ்டாண்டின் கால்களை அழுத்திப் பிடித்தபடி நின்றார். இருநூற்று நாற்பது நொடியும் அப்படியே நின்றார். நியாயமாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக இதையும் சொல்கிறேன். ஷட்டர் மூடிய பிறகு ஓடினார். ஓடையில் குதித்தார். கழுத்து வரை நனைந்து, நகத்தில் எல்லாம் சேறுமாக, வெறுங்கையோடு ஏறி வந்தார். அம்மாவை மறுநாள் நண்டு பிடிப்பவர்கள் கண்டெடுத்தார்கள்.

அதன் பிறகு ஐந்து மாதம் மாமா அந்தக் கேமராவைத் தொடவில்லை. ஸ்டுடியோவைச் சரியாகத் திறக்கவில்லை. அம்மாவின் செருப்பு பின்வாசலில் கிடந்தது. அதை எடுக்கவும் விடவில்லை, பார்க்கவும் மாட்டார், சுற்றிக்கொண்டு நடப்பார். பார்க்கிறவர்களுக்கு அது துக்கம் போலத் தெரிந்தது. நான் அப்படி நினைக்கவில்லை. குற்றம் செய்தவரும் அப்படித்தான் நடப்பார்.

நான்தான் ஒருநாள் கேமராவிலிருந்து கார்டை எடுத்துக் கணினியில் போட்டேன். நான் பார்த்த படங்களிலேயே அதுதான் நல்ல படம். ஓரங்கள் சுத்தம். அடிவானம் நேர். ஓடை இருக்கும் இடத்தில் மெல்லிய வெண்மை. அதில் அம்மா இல்லை. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் இல்லை. அவள் அசைந்துகொண்டே இருந்திருக்கிறாள்.

மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு, “இது அக்காவோட படம்டி. சும்மா உள்ளே கிடக்கக் கூடாது” என்றார். கண்காட்சிக்கு அனுப்பினோம். முதல் பரிசு கிடைத்தது. கூடத்தின் நடுச் சுவரில் மாட்டினார்கள். கீழே ‘அக்கா’ என்று தலைப்பு. அதற்குக் கீழே அவர் பெயர். அவர் பெயர் மட்டும்.

ஒரு பெண்மணி படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். “தலைப்பு அக்கான்னு போட்டிருக்கு, யாரையும் காணோமே. எங்க இருக்காங்க அவங்க?” என்று மாமாவிடம் கேட்டாள். மாமா வெளியே போய்விட்டார். வண்டிகள் நிறுத்தும் இடத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, நான் கேட்காமலேயே சொன்னார்.

“உன் பேரைப் போடலாம்னுதான் இருந்தேன். போட்டா ஆளாளுக்கு உன்னைக் கேட்பாங்க. அன்னைக்கு நீ அங்க இருந்தியா, என்ன பார்த்தேன்னு. உனக்கு எதுக்கும்மா அது?”

நல்ல காரணம் போலத்தான் இருந்தது. பெயர் விஷயத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முழுமைக்காக எழுதுகிறேன்.

பெரிதாக எடுத்துக்கொண்டது வேறு ஒன்றை. இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம், மாமா அந்தக் கறுப்புக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“ஒண்ணு கேட்கட்டுமா? அன்னைக்கு நீ எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டிருந்தே?”

“வாட்ச்சைப் பார்த்துக்கிட்டிருந்தேன் மாமா.”

“நாலு நிமிஷமுமா?”

நான் கத்தரிக்கோலை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“சரி விடு. நான்தான் பார்த்திருக்கணும்” என்றார். “பெரியவன் நான். நான்தான்டி பார்த்திருக்கணும்.”

அவரே ஒத்துக்கொண்டார், அதிகாரி அம்மா. யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. தன் வாயால் சொன்னார். ஆனால் சொல்வதற்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஒரு வருடம் சுமந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் நகர்த்தப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. முழுவதும் நகர்ந்து வரும் வரை நான் சும்மா இருக்க முடியாது. அந்த மத்தியானமே முடிவு செய்தேன். மீதிப் பாஸ்போர்ட் படங்களையும் வெட்டி முடித்தேன். ஒன்றுகூடக் கோணலாகப் போகவில்லை.

அம்மா போன நாள் வந்தபோது, அதே இடத்தில் அதே நேரத்தில் இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்றார் மாமா. அக்காவுக்காக. பழைய படத்தின் பக்கத்தில் மாட்டுவதற்கு. நான் அதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். நாங்கள் இருவர் மட்டும் போனோம்.

இப்போது மாமா தண்ணீருக்குப் பயப்படுவார். பாலத்தின் முனைத் தூணில் தன் கையாலேயே ஒரு கயிறு கட்டி வைத்தார். நல்ல தடித்த கயிறு. ஓடையின் அந்தப் பக்கம் வரை எட்டும். “யாருக்காவது ஆகும்” என்றார். அந்தக் கயிறு ஏன் சுருட்டியபடியே இருந்தது என்று நீங்கள் கேட்டீர்கள். முடிச்சு அவிழவில்லை என்று எழுதிக் காட்டினேன். முடிச்சு சாதாரண முடிச்சுதான். ஒரு இழுப்பில் வந்துவிடும்.

முதல் நாள் மாலை வழக்கம்போல நான் மட்டும் இடம் பார்க்கப் போனேன். ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு மணல்வெளியெல்லாம் குத்திப் பார்த்தேன். மூன்றாவது கம்பத்துக்கு இந்தப் பக்கம் ஓர் இடத்தில் குச்சி தடையில்லாமல் உள்ளே போனது. மேலே மற்ற இடம் போலவேதான் இருந்தது. அதன் நடுவில் ஒரு வெள்ளை எண்ணெய்க் கேனைச் சிறிய கழியில் கட்டி நட்டு வைத்தேன். ஒரு பலகையைச் சேற்றில் போட்டு அதில் படுத்துத் தவழ்ந்துதான் நட வேண்டியிருந்தது. திரும்பும்போது என் தடத்தைப் பெருக்கிவிட்டு வந்தேன். விடுதிப் படியில் ஏறும்போது கால் சுளுக்கிவிட்டதாகச் சொன்னேன். மாமா எங்கேயோ போய்க் கட்டுத் துணி வாங்கிவந்து அவரே கட்டிவிட்டார். “ரொம்ப இறுக்குதா?” என்று இரண்டு முறை கேட்டார். நன்றாகத்தான் கட்டினார்.

காலையில் பாலத்தின் முனையில் ஸ்டாண்டை விரித்தோம். அதே இரண்டு பலகை. மாமா கேமராவில் பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டார்.

“எந்தப் புண்ணியவான்டி அங்க கேனை நட்டு வச்சிருக்கான்? சரியா நடுவுல.”

நான் என் காலைப் பார்த்தேன். அவரும் என் காலைப் பார்த்தார்.

“நீ உட்காரு. நான் போறேன். ஓடை எப்ப நிரம்பும்? நோட்டைப் பாரு.”

நோட்டில் தேதிவாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் தண்ணீர் கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம் பிந்தும். அன்றைய வரியில் ஆறு ஐந்து என்று இருந்தது. அதற்குக் கீழ் வரி, மறுநாளுக்கு உரியது, ஆறு ஐம்பத்தைந்து. நான் கீழ் வரியை வாசித்தேன். அப்போது மணி ஆறு.

“சரியா பார்த்தியா?” என்றார்.

தலையாட்டினேன்.

“இன்னொரு தடவை பாரு.”

இன்னொரு தடவை பார்த்தேன். அதே வரியைத்தான் பார்த்தேன். அவருக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்கலாகத்தான் தெரியும். கண்ணாடி பையில் இருந்தது. என் நோட்டில் தப்பே இருக்காது என்று மாணவர்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். கண்ணாடியை எடுக்கவில்லை. ஏணியில் இறங்கினார். ஓடையில் கணுக்கால் தண்ணீரில் கால் வைத்ததும் ஒருமுறை நின்று கும்பிட்டார். பிறகு நேராகக் கேனை நோக்கி நடந்தார்.

முழங்கால் வரை இறங்கியதும் சிரித்தார். “அடியே பூனை, மாமா நல்லா மாட்டிக்கிட்டேன்டி” என்றார். தொடை வரை இறங்கியதும் சிரிக்கவில்லை. நான் கறுப்புக் கண்ணாடியைப் பொருத்தினேன். கேமராவின் பின்பக்கத்தில் கண் வைத்துப் பார்க்கும் துளை வழியாக வெளிச்சம் புகாமல் இருக்க மேலே கறுப்புத் துணி போட வேண்டும். போட்டேன். மாமாவைப் போல என் தலையையும் அதற்குள் விட்டுக்கொள்ளவில்லை. எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. ஆறு பத்துக்கு ஷட்டரைத் திறந்தேன்.

மொத்தம் ஐந்து படங்கள் எடுத்தேன். நான்கு நிமிடம் திறந்திருந்தால், பிறகு நான்கு நிமிடம் அந்தக் கேமரா எடுத்த படத்தில் விழுந்த புள்ளிகளைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அப்போது எதுவும் செய்ய முடியாது. சும்மா நிற்க வேண்டியதுதான். அந்த இடைவெளிகளில் அவர் சொன்னதையெல்லாம் கேட்டேன். முதல் இடைவெளியில் கயிற்றை எறியச் சொன்னார். இரண்டாவதில், காலில் வலி இருந்தாலும் பரவாயில்லை, மெதுவாகக் கரைக்குப் போய் ஆள் கூட்டிவரச் சொன்னார். “விழுந்துடாதே, பார்த்துப் போ” என்றும் சொன்னார். நான் போகவில்லை என்பது மூன்றாவது இடைவெளியில்தான் அவருக்கு விளங்கியது. அப்போது தண்ணீர் அவர் நெஞ்சில் இருந்தது.

“ஏண்டி?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சு வரை கேட்டிருக்கும்.

“அசைஞ்சுக்கிட்டே இருங்க மாமா. நின்னாதான் படத்துல விழுவீங்க.”

அவர் என்னைப் பார்த்தபடி அசையாமல் நின்றுவிட்டார். அதனால் நான்காவது படம் கெட்டுப்போயிற்று. மூன்றாவது கம்பத்துக்குப் பக்கத்தில் தீக்குச்சி அளவு ஒரு கறை. அதை அங்கேயே அழித்துவிட்டேன். ஐந்தாவதில் அவர் அசைந்தார். கடைசி வரை அசைந்தார். ‘அக்கா’ என்று இரண்டு முறை கூப்பிட்டார். நான் நூற்று எழுபதில் இருந்தேன். இருநூற்று நாற்பதில் ஷட்டரை மூடியபோது குன்றின் தோளில் ரோஸ் நிறம் வந்திருந்தது. கேனும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. படம் சுத்தமாக வந்தது.

பிறகு கேமராவைத் துடைத்துப் பையில் வைத்தேன். விடுதி வரை நொண்டி நடந்தேன். அங்கே இருந்தவரின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கடலைக் காட்டினேன். நீங்கள் வந்தீர்கள். கேமராவில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, “என்ன ஒரு அமைதி” என்றீர்கள். உங்களை அறியாமல் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டீர்கள். அன்று என்னிடம் யாராவது நல்லது சொன்னார்கள் என்றால் அது நீங்கள்தான். அதனால்தான் இதை வேறு யாருக்கும் அனுப்பாமல் உங்களுக்கு எழுதுகிறேன். பத்திரிகைக்குச் சொல்லிப் பெயரை மாற்றச் சொல்லுங்கள். இரண்டு படத்துக்கும் மாற்ற வேண்டும். நின்ற இடம் என்னுடையது.

விசாரணையின்போது ஒரு வரி கேட்டீர்கள். போன வருடம் அம்மா போன அன்று, அவள் கத்தியது உங்கள் இருவருக்குமே கேட்கவில்லையா என்று. நான் தலையை ஆட்டினேன். அது இல்லை என்பதா ஆமாம் என்பதா என்று பார்க்காமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். அதையும் எழுதிவிடுகிறேன்.

அம்மா கத்தினாள். என் பெயரைச் சொல்லித்தான் கத்தினாள். அப்போது நான் நூற்று முப்பது எண்ணியிருந்தேன். குன்றின் மேல் வெளிச்சம் அதுவரை அவ்வளவு நன்றாக விழுந்ததில்லை. மாமாவின் தலையும் தோளும் கறுப்புத் துணிக்குள் இருந்தன. காற்று அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தபடியே கேட்டார்.

“என்னடி சத்தம்?”

“பறவை மாமா” என்றேன்.

“அக்கா வந்துட்டாளா?”

“வந்துக்கிட்டே இருக்காங்க.”

“இன்னும் எவ்வளவு?”

“நூத்திப் பத்து.”

அவர் ஸ்டாண்டை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார். துணியை விலக்கி ஒருமுறை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நான் சொன்னதும் நம்பிவிட்டார். அந்த ஒன்றைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.